பாட்டியும் ஏறணும்

சித்தி: எல்லாரும் இருக்கீங்களா? இந்த லீவுக்கு மொத்தக் குடும்பமும் சேர்ந்து ஒரு தீம் பார்க் போறோம்னு முடிவாயிடுச்சு. எதுன்னுதான் தெரியல. ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. பேரை மட்டும் போட்டுட்டு ஓடக்கூடாது, ஏன்னும் சொல்லணும்.

மாமா: சீடர் பாயிண்ட். வேற பேச்சே இல்ல.

சித்தி: அண்ணா, ஏன்னு?

மாமா: ஒஹாயோவுல ஈரி ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற நிலம். அது முழுக்க ரோலர் கோஸ்டர். மில்லினியம் ஃபோர்ஸ்னு ஒண்ணு, 2000-ல வந்தது. 94 மீட்டர். உச்சிக்குப் போனதும் ஒரு பக்கம் தண்ணியைத் தவிர எதுவும் தெரியாது. குனிஞ்சு பாத்தா கீழ தண்டவாளம் இருக்கா இல்லையான்னே சந்தேகம் வந்துடும், 80 டிகிரி சரிவு. அப்படியே மணிக்கு 150 கிலோமீட்டர். இறங்குறப்ப எனக்குக் கால் நடுங்குச்சு. நேரா போய் மறுபடி வரிசையில நின்னேன்.

அக்கா: மாமா, உயரம்னா எத்தனை நாளைக்கு மாமா? கிங்டா கான்னு நியூ ஜெர்சியில ஒரு கோஸ்டர், 139 மீட்டர். உலகத்துலயே உயரம்னு 2005-ல திறந்தாங்க. 2024-ல மூடி, 2025 பிப்ரவரியில வெடி வச்சே தகர்த்துட்டாங்க.

மாமா: அந்த வீடியோவை நான் முழுசா பாக்கல. முடியல.

மாமா: ஆனா நான் உயரத்துக்காக மட்டும் சொல்லல. அதே பார்க்ல ஸ்டீல் வெஞ்சன்ஸ் இருக்கு. முன்னாடி மீன் ஸ்ட்ரீக்னு ஒரு மரக் கோஸ்டர் இருந்துச்சு, 1991-ல கட்டினது, வரவர உடம்பை உலுக்கி எடுத்துடும். அதோட மரச்சட்டத்தை வச்சுக்கிட்டு மேல இரும்புத் தண்டவாளம் போட்டு 2018-ல திறந்தாங்க. ஒரு சுத்துல கிட்டத்தட்ட 27 விநாடி உன் உடம்பு சீட்டுல பட்டும் படாமதான் இருக்கும். தொடை மேல இருக்கிற கம்பி மட்டும்தான் பிடிச்சு வச்சிருக்கும். ஏர்டைம்னு சொல்றது அதைத்தான்.

நான்: முதல் வரிசையா, கடைசி வரிசையா மாமா?

மாமா: கடைசி. யோசிச்சுப் பாரு. முன் பெட்டி உச்சியைத் தாண்டுறப்ப பின்னாடி பாதி ரயில் இன்னும் ஏறிக்கிட்டுதான் இருக்கும், அதனால மெதுவா போகும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வர்றதுக்குள்ள முன்னாடி எல்லாம் கீழ பாய ஆரம்பிச்சிருக்கும். உன்னைத் தரதரன்னு இழுத்துட்டுப் போயிடும். காட்சி வேணும்னா முதல் வரிசை. வயித்துல ஜிவ்வுன்னு வேணும்னா கடைசி.

சித்தி: இதெல்லாம் தண்டவாளத்தை விட்டு எகிறிடாதா அண்ணா?

மாமா: மேல ஓடுற சக்கரம் ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, அடியில ஒண்ணு. மூணும் சேர்ந்து குழாயைக் கவ்விக்கிட்டு இருக்கும். அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர்ங்கிறவர் 1919-ல காப்புரிமை வாங்கினார். அது வந்த பிறகுதான் இவ்வளவு செங்குத்தா கட்ட தைரியமே வந்துச்சு.

நான்: எனக்கு ஒருதரம் ஏறுற சரிவுலயே ரயில் நின்னுடுச்சு. எந்த பார்க்னு வேண்டாம். சங்கிலி நின்னதும் ஒரே நிசப்தம். வெயில்ல சூடான கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மல்லாக்க வானத்தைப் பாத்தபடி இருபது நிமிஷம். அப்புறம் ஒரு பொண்ணு படிக்கட்டுல ஏறி வந்து, ஒவ்வொருத்தர் கம்பியா கையால விடுவிச்சு, கைப்பிடிச்சு இறக்கி விட்டா. “முன்னாடி போன ரயில் அடுத்த பகுதியை இன்னும் காலி பண்ணல, அதனாலதான் உங்களைத் தானா நிறுத்திருக்கு”ன்னு சொன்னா. அன்னைக்குதான் எனக்குப் பயம் போச்சு. ஏதோ கெட்டுப்போய் நிக்கல, நிக்க வேண்டிய இடத்துல நிக்குது.

மாமா: பிளாக்குன்னு சொல்வாங்க. ஒரு பகுதியில ஒரு ரயில்தான் இருக்கலாம்.

அக்கா: சரி, என் முறை. டோக்கியோ டிஸ்னிசீ. 2001-ல திறந்தது. நடுவுல ஒரு எரிமலை, சுத்தி துறைமுகங்கள். எரிமலைக்குள்ளயே ஒரு ரைடு ஓடுது, ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த். முதல் பாதி மெதுவா போகும். பளிங்குக் குகை, ஒளி விடுற காளான்கள், பேர் தெரியாத ஜந்துக்கள். திடீர்னு அதிர்வு. வண்டி பாதை மாறும். பெரிய எரிமலைப் பூதம் ஒண்ணு எதிர்ல எழுந்திருக்கும். அவ்வளவுதான், வண்டி சீறிக்கிட்டு மலைக்கு வெளிய வந்துடும். ஒரே ஒரு விநாடி துறைமுகம் முழுக்கத் தெரியும், உடனே இறக்கம். மாமா, வேகத்தை வச்சுப் பாத்தா அது ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த ஒரு விநாடிக்காக அவ்வளவு நேரம் கதை சொல்லிக் கூட்டிட்டுப் போறாங்க பாருங்க.

மாமா: ம்ம். கதைக்காக ஏறுறவங்க நீங்க.

அக்கா: கதை இல்லாம விழுந்து என்ன மாமா பண்றது? 1967-ல டிஸ்னிலேண்ட்ல பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் வந்தப்ப அது வெறும் படகு. முதல்ல மெழுகு பொம்மைகளை நடந்து பாக்கிற மாதிரிதான் திட்டம் போட்டிருந்தாங்க. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டுக்குப் படகு விட்டாங்க. கூட்டம் நிக்காம நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு. அதைப் பாத்துட்டுதான் இதையும் படகுக்கு மாத்தினாங்க. இன்னைக்கும் அதுல ஆள் ஏறுறாங்க. 139 மீட்டர் இருபது வருஷத்துல போயிடுச்சு.

நான்: அதே டிஸ்னிலேண்ட்ல பேய் மாளிகை ரைடு இருக்கே, ஹாண்டட் மேன்ஷன், அதைச் சொல்லுக்கா. அந்த நடனம்.

அக்கா: ஐயோ ஆமா. 1969. பெரிய விருந்து மண்டபம், நாம மேல மாடத்துல இருந்து பாக்கிறோம். கண்ணாடி மாதிரி உடம்போட பேய்கள் ஜோடி ஜோடியா சுத்தி ஆடும். நடுவுல பெரிய கண்ணாடித் தடுப்பு இருக்கு, இருட்டுல அது நம்ம கண்ணுக்குத் தெரியாது. பொம்மைகள் இருக்கிறது நமக்கு மேலயும் கீழயும். வெளிச்சம் பட்டதும் அதுங்களோட பிம்பம் கண்ணாடியில விழுந்து மண்டபத்துல இருக்கிற மாதிரித் தெரியும். 1860-கள்லயே நாடக மேடையில பண்ணின வித்தை, பெப்பர்ஸ் கோஸ்ட்னு பேரு. பிம்பம்ங்கிறதால இடம் வலம் மாறிடும். அதனால அந்த நடனத்துல ஆம்பளையை நடத்திக்கிட்டுப் போறது பொம்பளை! ரெண்டாவது தரம் போனப்பதான் கவனிச்சேன்.

சித்தி: இதுக்காகவே போலாம் போலயே 😍

மாமா: அப்ப ஃபார்முலா ரோஸா? அபுதாபி, மணிக்கு 240 கிலோமீட்டர். கண்ணுக்குக் கண்ணாடி குடுத்துதான் ஏத்துவாங்க. கன்னம் ரெண்டும் காதுப்பக்கம் போயிடும்.

பாட்டி: 🎤 குரல் பதிவு 0:31

சித்தி: அம்மா சொன்னதை நானே எழுதறேன், யாரும் கேக்காம விட்டுடுவீங்க. “நீங்க எல்லாரும் மேல போய் கீழ விழுந்துட்டு வருவீங்க. நான் பை, செருப்பு, போனு எல்லாத்தையும் மடியில வச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருப்பேன். போன தடவையும் அதான். நான் ஏறுறதுக்கு ஏதாவது இருக்கிற ஊரா சொல்லுங்க.”

மாமா: அம்மா 😔

நான்: பாட்டி சொன்னதைத்தான் நான் சொல்லலாம்னு தட்டிக்கிட்டு இருந்தேன். பெரிய கோஸ்டர்ல ஏற முடியாதவங்களுக்கு அந்த பார்க் என்ன வச்சிருக்குங்கிறதை வச்சுதான் நான் ஒரு பார்க்கை எடை போடுவேன். மாமாவுக்கு எங்கயும் ஏதாவது கிடைச்சிடும். முதுகுவலி இருக்கிறவங்க, குட்டிப் பசங்க, பயந்தவங்க, இவங்களுக்கு மிச்சம் மீதி ராட்டினத்தை ஓரமா போட்டு வச்சிருந்தா அது எனக்கு நல்ல பார்க் இல்ல.

நான்: அதனால என் ஓட்டு எஃப்டெலிங். நெதர்லாந்து.

மாமா: கேள்விப்பட்டதே இல்லயே.

நான்: டிஸ்னிலேண்டுக்கு மூணு வருஷம் மூத்தது மாமா, 1952. தேவதைக் கதைக் காடுதான் அங்க முதல்ல வந்தது. ஆன்டன் பீக்னு ஓவியர், அவர் வரைஞ்ச மாதிரியே கூரையெல்லாம் கொஞ்சம் கோணலா, சுவர் எல்லாம் பாசி படிஞ்ச மாதிரி. உண்மையான காடு. நடுவுல நடுவுல கதைகள். நீளக் கழுத்துக்காரன் ஒருத்தன், கழுத்து மெதுவா மேல போய்க்கிட்டே இருக்கும். ஒரு மேடையில ரெண்டு சிவப்பு செருப்பு, உள்ள கால் இல்ல, ஆளும் இல்ல, தானா ஆடிக்கிட்டிருக்கும்.

நான்: குப்பைத்தொட்டி கூட குண்டு மனுஷன். வாயைத் திறந்து வச்சுக்கிட்டு “காகிதம் இங்கே”ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பான். கிட்ட காகிதத்தைக் கொண்டு போனா காத்துல உறிஞ்சிக்குவான். ஒரு குட்டிப் பையன் கீழ கிடந்த காகிதம் எல்லாம் பொறுக்கிட்டு வந்து வரிசையில நின்னதை நான் பாத்தேன்.

பாட்டி: செருப்பு எப்படி தானா ஆடுது

நான்: அதை நேர்ல பாத்து நீங்கதான் எனக்குச் சொல்லணும் பாட்டி.

அக்கா: பாட்டியே டைப் பண்ணிருக்காங்க!! ஆனா பாட்டி, டிஸ்னிசீலயும் உங்களுக்கு இருக்கு. சிந்துபாத் படகு. பத்து நிமிஷம், குலுக்கலே கிடையாது, ரெண்டு பக்கமும் பொம்மைகள் பாடும். கால் வலிச்சா பார்க்குக்குள்ளயே கப்பல்ல ஏறி அடுத்த கரைக்குப் போயிடலாம்.

நான்: ஒத்துக்கறேன்கா. சிந்துபாத் எனக்கும் பிடிக்கும். ஆனா எஃப்டெலிங்ல ட்ரூம்ஃப்ளுக்ட்னு ஒண்ணு இருக்கு, 1993-ல திறந்தது. கனவுப் பறத்தல்னு அர்த்தம். சின்னக் கூண்டு மாதிரி மேல தொங்கும், அதுல உக்காந்துக்கிட்டு இருட்டுக்குள்ள மிதந்து போகணும். அந்தரத்துல கோட்டைகள், ஊஞ்சலாடுற தேவதைகள், ஈரக் காட்டு வாசனை. கடைசியில சுருள் மாதிரி சுத்திக்கிட்டே கொஞ்சம் வேகமா இறங்கும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன் பாட்டி. நான் போனப்ப பக்கத்துக் கூண்டுல ஒரு வயசானவர் பேத்தியோட இருந்தார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாயைப் பொத்திக்கிட்டாங்க.

மாமா: சரிம்மா, எனக்கு?

நான்: பாரன் 1898. 2015-ல வந்தது. சுரங்கக் கதை. 37.5 மீட்டர் உச்சியில உங்களை அப்படியே தொங்க விட்டு நிறுத்துவாங்க, கால் கீழ தரையே கிடையாது, அப்புறம் நேரா நிலத்துக்குள்ள இருக்கிற குழிக்குள்ள விழும். மணிக்கு 90.

மாமா: 90 தானா

நான்: கண்ணுக்கு நேரா குழியைக் காட்டி நிறுத்தி வைக்கிறாங்க மாமா!

மாமா: ...முதல் வரிசையில உக்காரணும் அப்ப.

சித்தி: சின்னவனுக்கு? போன தடவை ஒரு இடத்துல ஒரு மணி நேரம் நின்னு, கடைசிக் கதவுகிட்ட அளவு பாத்துட்டு ஒரு சென்டிமீட்டர் குறையுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வரிசை ஆரம்பத்துலயே அளந்திருந்தா குழந்தை அவ்வளவு அழுதிருக்க மாட்டான். இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கான்.

மாமா: சட்டம் கண்டிப்பாத்தான் இருக்கணும்மா. கம்பி இடுப்புல சரியா உக்காரலைன்னா பிடிப்பு இருக்காது. ஆனா அளக்கிற இடம் தப்பு. இப்பவே செவுத்துல நிக்க வச்சு அளந்து சொல்லு.

சித்தி: இருங்க

சித்தி: 📷 புகைப்படம்

சித்தி: 118. குதிகாலைத் தூக்குறான், தூக்காம 118.

அக்கா: என் எரிமலைக்கு 117 போதும்!

மாமா: மில்லினியம் ஃபோர்ஸுக்கு 122. ச்ச.

நான்: பாரனுக்கு 132, அது மாமாவுக்கு மட்டும். அங்க பைத்தான்னு இன்னொரு கோஸ்டர், அதுக்கு 120, ரெண்டு சென்டிமீட்டர்ல போச்சு. ஆனா ‘யோரிஸ் என் டே டிராக்’குக்கு 110 போதும். மரக் கோஸ்டர். ரெண்டு தண்டவாளம், ரெண்டு ரயில், நெருப்பு ஒண்ணு, தண்ணி ஒண்ணு, ஒரே நேரத்துல கிளம்பிப் பந்தயம் ஓடும். நடுவுல ஒரு டிராகன் தீ கக்கும்.

சித்தி: இதைப் படிச்சதும் வீட்டுக்குள்ள ஓட ஆரம்பிச்சுட்டான்.

மாமா: பசங்களை மாத்தி மாத்திப் பாத்துக்கலாம். நான் பாரன் ஏறுறப்ப நீங்க அம்மாகூட இருங்க. இறங்கி வந்து நான் இருக்கேன். பையை லாக்கர்ல போட்டுடுவோம். அம்மா மடியில ஒண்ணும் வைக்க வேண்டாம்.

பாட்டி: 🎤 குரல் பதிவு 0:14

அக்கா: “எனக்கு அந்தச் செருப்பைப் பாக்கணும். பறக்குற கூண்டுல பேரன்கூட நான்தான் உக்காருவேன், வேற யாரும் உக்காரக்கூடாது.” எனக்கு எரிமலை போச்சு, பரவாயில்ல, எஃப்டெலிங்குக்கே என் ஓட்டு 🙋

மாமா: எனக்கும் சரி.

சித்தி: சின்னவன் கேக்கறான், பாட்டி எந்த ரயிலுக்குக் கை தட்டுவீங்க, நெருப்பா தண்ணியா?

பாட்டி: அவன் எதுல

சித்தி: நெருப்பாம்

பாட்டி: நெருப்பு

மாமா: அப்ப நான் தண்ணியில ஏறுறேன். கடைசி வரிசை.