புதுப்பிப்பு: படகில் சார்ஜர் பொருத்தியாயிற்று

ஒன்டாரியோ ஏரியில் ஓட்டும் என் மீன்பிடிப் படகில் நிரந்தர பேட்டரி சார்ஜரும், கரையிலிருந்து மின்சாரம் எடுக்க ஒரு இன்லெட்டும் (கேபிளைச் செருகும் வாய்) வைப்பது பற்றி இங்கே முன்பு கேட்டிருந்தேன். சீசனுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது.

சார்ஜரை பேட்டரிக்கு நேர் மேலே வைக்காதீர்கள் என்றவர்களுக்கு முதல் நன்றி. பேட்டரியிலிருந்து கிளம்பும் வாயு சார்ஜரை அரித்துவிடும். பக்கச் சுவரில் காற்றோட்டமாக மாட்டினேன். ஒவ்வொரு பிளஸ் ஒயரிலும் பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸ்.

பயமாக இருந்தது, இன்லெட்டுக்காகப் படகின் ஃபைபர் உடம்பில் ஓட்டை போடுவதுதான். டேப் ஒட்டி, ஹோல்சாவை (வட்டமாக ஓட்டை அறுக்கும் டிரில் பிளேடு) முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றவிட்டேன். ஜெல்கோட் (ஃபைபரின் பளபளப்பான மேல்பூச்சு) மாவாகத் தேய்ந்து வந்தது, ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. உள்ளே தெரிந்த பிளைவுட் விளிம்புக்கு எபாக்சி பூசிக் காயவிட்டு, அப்புறம்தான் சீலன்ட் வைத்து இன்லெட்டை முடுக்கினேன். அந்த விளிம்பை அப்படியே விட்டால் தண்ணீர் இறங்கி மரம் இற்றுப்போகும்.

கரையிலிருந்து வரும் 120 வோல்ட் கேபிளை ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும்) பிளக் பாயிண்டில் மட்டுமே செருகுங்கள், தண்ணீருக்குப் பக்கத்தில் இதில் சமரசமே கூடாது. மாட்டும்போது முதலில் படகில், பிறகு கரையில். கழற்றும்போது முதலில் கரையில்.

படகிலுள்ள இரண்டு பேட்டரிகளும் ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும், மூடிய வகை) என்பதால் சார்ஜரிலும் அதே மோட். ராத்திரி செருகினால் காலையில் இரண்டுக்கும் பச்சை விளக்கு.