[கலைச்சொல்] கர்னலுக்குத் தமிழ் வேண்டும், வியாழன் மாலைக்குள்

புதுக்கோட்டை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் மாலை வேளைகளில் கணினி அடிப்படை வகுப்பு நடத்துகிறேன். தையல்காரர் ஒருவர், மளிகைக் கடைக்காரர் ஒருவர், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் ஒன்பது பேர். சொல்லித்தருவது லினக்ஸ் என்ற இயங்குதளம். 24 பக்கக் கையேடு வியாழன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். கோப்பு, கோப்புறை, சுட்டி, இயங்குதளம் வரை தொல்லை இல்லை. இயங்குதளத்தின் உள்ளே இருந்து எல்லாவற்றையும் நிர்வகிக்கும் கர்னலில் நின்றுவிட்டேன். சென்ற வாரம் பலகையில் 'கர்னல்' என்று எழுதியதும் மளிகைக் கடைக்காரர், "எந்த ரெஜிமென்ட், டீச்சர்?" என்று கேட்டார். அவர் மகன் ராணுவத்தில் இருக்கிறான்.

அந்தச் சொல்லை விட்டுவிட்டும் நடத்த முடியவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதி வெளியிட்டது கர்னலை மட்டும்தான். அதே கர்னல்தான் தையல்காரரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஓடுகிறது. "அப்படியானால் கணினியும் கைப்பேசியும் ஏன் வேறு மாதிரி இருக்கின்றன?" என்று அவர் கேட்கிறார். நல்ல கேள்வி. கூடவே, நாம் தரும் கட்டளையை வாங்கிக் கர்னலிடம் சேர்க்கும் ஷெல்லுக்கும் ஒரு சொல் தாருங்கள்.

கோவையிலிருந்து:

'உட்கரு' இருக்கிறதே. இதற்கு ஏன் ஒரு விவாதம்?

புதுக்கோட்டை ஆசிரியை:

இருக்கிறது, ஐயா. செல்லுக்குள் இருக்கிறது. என் பிள்ளைகளில் ஐந்து பேர் உயிரியல் பிரிவு. உட்கரு என்றதும் குரோமோசோம் எங்கே என்று தேடுவார்கள்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

வைரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு அலைகிறோம். 'காழ்' என்ற சொல் இருக்கிறது. "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப" என்பது தொல்காப்பிய மரபியல். விதை, உள்ளீடு, வயிரம் எல்லாம் காழ்தான். கர்னல் காழ், ஷெல் ஓடு. ஓரெழுத்து மொழியைப் போலச் சுருக்கம். கர்னல் என்றே எழுதிப் பழகிவிட்டால் பிறகு பிடுங்க முடியாது. "இளைதாக முள்மரம் கொல்க" என்று வள்ளுவர் சும்மா சொல்லவில்லை.

சென்னையிலிருந்து, மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவர்:

ஐயா, அதே குறளின் ஈற்றடியையும் சொல்லுங்கள். "களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து." கர்னல் காழ்த்து, அதாவது முற்றி, முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கை நம்முடையது.

மேலும், இன்றைய மாணவருக்குக் காழ் என்றால் காழ்ப்புணர்ச்சிதான் நினைவுக்கு வரும். வாயில் 'காள்' என்றே வரும். 'ஓடு' இன்னும் மோசம். "ஓட்டில் கட்டளையிட்டு நிரலை ஓட்டு" என்று எழுதிப் பாருங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:

தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சந்தையில் தேங்காய்ப் பருப்பு என்றுதான் ஏலம் போடுகிறார்கள். உள்ளே பருப்பு, வெளியே தொட்டி. கர்னல் என்ற ஆங்கிலச் சொல்லும் கொட்டைக்குள் இருக்கும் பருப்பைத்தான் குறிக்கிறது. 'பருப்பு' என்றே வைத்துவிடலாம் என்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நாங்கள் சிரட்டை என்போம். இங்கே பாடநூலில் இயங்குதளமே 'பணிசெயல் முறைமை'. உங்கள் கையேடு இங்கே வந்தால் முதல் பக்கத்திலேயே தடுக்கும். உயிரியலில் உங்கள் உட்கரு எங்களுக்கு வெறும் 'கரு'. ஆகவே 'கரு' என்று வைத்தாலும் சிக்கல் தீராது. கடல் தாண்டி வந்துவிடும்.

தஞ்சாவூரிலிருந்து:

பொள்ளாச்சி அன்பருக்கு ஒரு திருத்தம். தென்னை, பனை எல்லாம் தொல்காப்பியர் கணக்கில் புல். அதாவது புறக்காழ். அங்கே உறுதி வெளியே இருக்கிறது. ஆகவே கர்னலுக்குத் தென்னை உவமை இலக்கணப்படி பிழை. வேம்பைச் சொல்லலாம்.

சென்னையிலிருந்து:

ஐயா, அங்கே பேச்சு அடிமரத்தைப் பற்றி. காயைப் பற்றி அல்ல. அது நிற்க. அச்சகம் வியாழக்கிழமை.

ராமநாதபுரத்திலிருந்து:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லோரும் கர்னல் எங்கே இருக்கிறது என்பதற்குப் பெயர் தேடுகிறீர்கள். அது என்ன செய்கிறது என்று பாருங்கள். நினைவகத்தைப் பங்கிடுகிறது, எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம் செயலி கிடைக்கும் என்று முறை வைக்கிறது, வட்டையும் அச்சுப்பொறியையும் எந்த நிரலும் நேரே தொட விடுவதில்லை, தன்னிடம் கேட்கச் சொல்கிறது. எங்கள் கண்மாய்ப் பாசனத்தில் இந்த வேலையைச் செய்பவர் நீர்பாய்ச்சி. விவசாயி தானாக மடையைத் திறக்க முடியாது. அவரிடம் சொல்ல வேண்டும். கடைமடை வயலுக்கும் முறை வைத்து அவர்தான் தண்ணீர் விடுவார். ஒருவன் வயலில் வரப்பு உடைந்தால் மற்றவன் வயல் அழியாமல் பார்ப்பதும் அவர் பாடுதான். ஒரு நிரல் நொறுங்கினால் மற்றவை நிற்காமல் ஓடுவது இதனால்தான். ஷெல் என்பது கரையில் நின்று நீங்கள் சொல்வதைக் கேட்டு அவரிடம் கொண்டு சேர்க்கும் ஆள்.

கலைச்சொல்லாக வைக்கச் சொல்லவில்லை. மனத்தில் பட்டதைச் சொன்னேன்.

புதுக்கோட்டை ஆசிரியை:

அண்ணா, இதை அப்படியே நான்காம் பக்கத்தில் போட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரிலும் கண்மாய் உண்டு. தையல்காரருக்கும் பதில் கிடைத்துவிட்டது: நீர்பாய்ச்சி அவரேதான், கரையில் நிற்கும் ஆள்தான் வேறு.

கோவையிலிருந்து:

ஷெல் என்ற பெயரை, மல்டிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் உருவான காலத்தில் வைத்தவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் நம் குழுவில் இருந்திருந்தால் இன்றுவரை ஷெல் வந்திருக்காது.

சென்னையிலிருந்து:

வாக்கெடுப்பு, இங்கே பேசாத சொற்களும் சேர்த்து. கர்னலுக்கு: 'கரு' 6, 'காழ்' 2, 'கருனி' 2, 'பருப்பு' 1. ஷெல்லுக்கு: 'கூடு' 7, 'ஓடு' 3. எல்லோரும் தூங்கப் போகலாம்.

புதுக்கோட்டை ஆசிரியை:

நன்றி. 'கரு', 'கூடு' என்றே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'கெர்னல் எனப்படும் கரு' என்று எழுதுகிறேன், கொம்பு சேர்த்து. ராணுவம் விலகிவிடும். உயிரியல் பிள்ளைகளை நானே சமாளித்துக்கொள்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

என் வாக்கு காழுக்கே என்பது பதிவில் இருக்கட்டும். இன்னொன்று. நீங்கள் அனுப்பிய படியில் ஏழாம் பக்கம் "கணினி பூட் ஆகும்போது" என்று இருக்கிறது. அதைப் 'பூட்டு' என்று படித்து, திறக்கும் நேரத்தில் பூட்டுவது ஏன் என்று எவனாவது கேட்பான். 'தொடக்கம்' போதாது, அது எதற்கும் பொருந்தும். 'துயிலெழல்' என்று ஒன்று தோன்றுகிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.