சூளைப் பிள்ளைகள் மெலிந்து போகிறார்கள், எதில் தொடங்கலாம்?

கேள்வி: செங்கல் சூளையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பலர் எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள். அரிசி மூட்டை வாங்கிக் கொடுத்தால் போதுமா?

கிராமச் செவிலியர்: அரிசி மட்டும் போதாதுங்க. முதலில் 6 முதல் 59 மாதப் பிள்ளைகளுக்கு இடது கையைத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை நாடாவால் அளந்து பாருங்கள். இறுக்கினால் அளவு தப்பும். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். 11.5 முதல் 12.5 வரை இருந்தால் அங்கன்வாடியில் சொல்லித் தொடர்ந்து கவனிக்க வேண்டும். இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்துங்கள். குழி விழுந்தால் கை அளவு எதுவானாலும் மருத்துவமனைதான்.

அங்கன்வாடிப் பணியாளர்: வெளியூர்க் குடும்பம் என்றாலும் தயங்காமல் அங்கன்வாடிக்கு அனுப்புங்க. அங்கே கொடுக்கிற சத்துமாவு வீட்டில் எல்லாருக்கும் பங்காகிவிடுவதுதான் பெரிய சிக்கல். கஞ்சியைத் தண்ணியாகக் காய்ச்சாதீங்க, வயிறு நிரம்பும், சத்து சேராது. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கரண்டியிலிருந்து வழியாத பதத்துக்குக் கிண்டி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள்.

கேட்டவர்: நன்றிங்க. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு?

செவிலியர்: அரசு தொடக்கப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். காலை உணவும் மதிய உணவும் அங்கேயே கிடைக்கும்.