கிரிப்டோஜேஎஸ்: டிகிரிப்ட் செய்தால் தமிழ்ப் பெயருக்குப் பதில் ஏதோ எண்கள் வருகின்றன

பட்டர்வொர்த்_தம்பி:
வணக்கம். பட்டர்வொர்த்தில் அக்கா நடத்தும் டியூஷனுக்குப் பதிவுப் படிவம் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். பெற்றோர் தங்கள் பெயரையும் பிள்ளையின் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணையும் நிரப்பியதும், பிரௌசரிலேயே கிரிப்டோஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் கொண்டு ஏஇஎஸ் என்ற பூட்டும் முறையில் என்கிரிப்ட் செய்து, அதை ஒரு லிங்க்கின் கடைசியில் ஒட்டி அக்காவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். அக்கா லிங்க்கைத் தட்டினால் பெயர் வர வேண்டிய இடத்தில் 'ஈ0ஏஈ' (e0ae) என்று தொடங்கி நீளமாக ஏதோ வருகிறது. சில லிங்க்குகளில் அதுவும் இல்லை, வெறும் காலி. இரண்டு பக்கமும் ஒரே கடவுச்சொல்தான், பத்து தடவை பார்த்துவிட்டேன். சனிக்கிழமை வகுப்பு தொடங்குகிறது, உதவுங்கள்.

ஜார்ஜ்டவுன்_கோடர்:
தம்பி, அந்த 'ஈ0ஏஈ' உங்கள் தமிழ்ப் பெயர்தான்! டிகிரிப்ட் தருவது பைட்டுகளின் கட்டு. அதை எழுத்தாக்கும் டூஸ்ட்ரிங்கை (toString) வெறுமனே அழைத்தால் ஹெக்ஸாக, அதாவது பதினாறின் அடிமான எண்களாகக் காட்டும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், முதல் பைட் எப்போதும் ஈ0. டூஸ்ட்ரிங்குக்குள் கிரிப்டோஜேஎஸ்ஸின் யூடிஎஃப்-8 என்கோடரைக் கொடுங்கள், பெயர் வந்துவிடும். காலியாக வருவது வேறு கதை: என்கிரிப்ட் ஆனதை எழுத்துகளாக எழுதும் பேஸ்64இல் கூட்டல் குறி (+) வரலாம், லிங்க்கிலிருந்து படிக்கும்போது அது இடைவெளியாக மாறிவிடும். எல்லாவற்றிலும் கூட்டல் குறி வராது, அதனால்தான் சில லிங்க்குகள் மட்டும் கெடுகின்றன. ஒட்டுவதற்கு முன், அந்தக் குறியைக் காக்க என்கோடுயூஆர்ஐகம்போனென்ட் (encodeURIComponent) போடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_அக்கா:
அது சரி, ஆனால் கடவுச்சொல் எங்கே இருக்கிறது? பக்கத்தின் ஸ்கிரிப்ட்டில்தானே! பக்கத்தைத் திறக்கும் யாரும் அதைப் பார்க்கலாம், அப்புறம் லிங்க் யார் கைக்குப் போனாலும் பிள்ளையின் ஐசி எண் வெளியே. தயவுசெய்து இப்படி விடாதீர்கள். கிரிப்டோஜேஎஸ்ஸை உருவாக்கியவர்களே அதன் வேலையை நிறுத்திவிட்டார்கள். கடவுச்சொல்லிலிருந்து அது சாவி செய்யும் விதமும் பலவீனம், எம்டி5 என்ற ஹாஷ் (தரவைத் திருப்ப முடியாத குறியாகச் சுருக்கும்) முறை ஒரே ஒரு சுற்று. பிரௌசரிலேயே இருக்கும் வெப் கிரிப்டோவில் ஆர்எஸ்ஏ-ஓஏஈபி என்ற இரட்டைச் சாவி முறையை எடுங்கள். பூட்டும் பொதுச்சாவி பக்கத்தில் இருக்கட்டும், திறக்கும் தனிச்சாவி உங்கள் அக்காவின் போனில் மட்டும். 2048 பிட் சாவி, எஸ்எச்ஏ-256 ஹாஷ் என்றால் ஒரு தடவைக்கு 190 பைட் வரைதான், தமிழில் சுமார் 63 குறிகள். பெயருக்குப் போதும், முகவரிக்குப் போதாது. இன்னொன்று, எச்டிடிபிஎஸ் அல்லது லோக்கல்ஹோஸ்டில்தான் ஓடும். வீட்டு வைஃபையில் 192.168 முகவரி போட்டுப் போனில் சோதித்தால் வேலை செய்யாது.

பட்டர்வொர்த்_தம்பி:
நன்றி அண்ணே, பெயர் தமிழிலேயே வந்துவிட்டது! அக்கா, ஐசி எண்ணை மட்டும் எஸ்எச்ஏ-256இல் ஹாஷ் செய்துவிட்டால் போதாதா? அதைத் திருப்ப முடியாதே.

பிரிக்ஃபீல்ட்ஸ்_அக்கா:
திருப்ப வேண்டியதே இல்லை, எல்லா எண்களையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். 12 இலக்கத்தில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் பெரும்பாலும் 07. பிறந்தநாள் தெரிந்தவருக்கு மிச்சம் 4 இலக்கம், அதாவது 10,000 எண்கள், கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாது. முதலில் உங்கள் அக்காவிடம் கேளுங்கள், டியூஷனுக்கு ஐசி எண் எதற்கு?

பட்டர்வொர்த்_தம்பி:
கேட்டேன். பிள்ளை எந்தப் படிவத்தில் (வகுப்பில்) படிக்கிறது என்று தெரிந்தால் போதும் என்கிறார். ஐசி கட்டத்தை எடுத்துவிட்டேன். பெயருக்கும் போன் எண்ணுக்கும் ஆர்எஸ்ஏ இன்றிரவு எழுதுகிறேன், சிக்கினால் இங்கேயே வருகிறேன்.