போக்கிமான்: 1025 ஆன பிறகும் கற்பனை மிச்சம் இருக்கிறதா?

ஆற்காடு151:
போக்கிமான் என்றால் வீடியோ விளையாட்டில் பிடித்து வளர்க்கும் கற்பனை உயிரினங்கள். 1996இல் வந்த முதல் விளையாட்டில் 151 போக்கிமான். இன்று 1025. எண்ணிக்கை ஏற ஏறக் கற்பனை இறங்கிவிட்டது என்பது என் கருத்து. உருவாக்கிய சதோஷி டஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர்; முதல் தொகுதியில் அந்த வாசனை இருந்தது. 2010இல் ஐஸ்கிரீமும் குப்பைப் பையும் வந்தன, 2013இல் சாவிக்கொத்து. கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் முகம் வரைந்தால் உயிர் வந்துவிடுமா?

காட்பாடிக்காரன்:
அண்ணா, அந்த 151இலேயே வோல்டார்ப் ஒரு பந்துதானே? மேக்னமைட் காந்தமும் திருகாணியும். மூன்று மேக்னமைட் ஒட்டிக்கொண்டால் மேக்னட்டான். சின்ன வயதில் பார்த்ததால் அவற்றைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டோம். நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை யாராவது போக்கிமானாக வரைந்தால், ‘கத்திரிக்காய்க்கு முள்ளா, சரக்கு தீர்ந்துவிட்டது’ என்றுதான் சொல்வோம். அதுவோ புவிசார் குறியீடு வாங்கி அணைக்கட்டுப் பக்கம் காய்க்கிறது.

ஆற்காடு151:
வோல்டார்ப்புக்குக் காரணம் இருக்கிறது தம்பி. கீழே கிடக்கும் பந்து என்று எடுக்கப் போனால் சண்டைக்கு வரும். சாவிக்கொத்துக்கு என்ன காரணம்?

பாலாற்றங்கரை:
க்ளெஃப்கி பிடித்த சாவியை விடாது. அதனால் பெட்டகச் சாவியை அதனிடம் கொடுத்து வைப்பார்கள் என்று போக்கிடெக்ஸிலேயே, அதாவது விளையாட்டுக்குள் வரும் போக்கிமான் கையேட்டிலேயே, இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. கிரைமர் என்று ஒரு கழிவுச்சேறு, அதுவும் முதல் 151இல். தோல் பதனிடும் கழிவு கலந்த பாலாற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது கற்பனையாகவே படவில்லை. 2016இல் அதே கிரைமர் பச்சை உடம்போடு, விளையாட்டில் வரும் அலோலா தீவுகளில் வந்தது. பெருகிய குப்பையைத் தின்ன அதை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். தின்ற குப்பை உடம்பையே மாற்றிவிட்டது. அப்புறம் கோர்சோலா. 1999இல் இளஞ்சிவப்புப் பவளம். 2019 விளையாட்டின் கேலார் பகுதியில் வெளுத்துப்போன ஆவி. காலநிலை திடீரென்று மாறியதில் செத்துப்போன பவளம். அதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் விளையாட முடியவில்லை.

ஆற்காடு151:
கோர்சோலாவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சு மாறவில்லையே. ஒவ்வொரு தலைமுறை விளையாட்டிலும் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கப் புல், நெருப்பு, நீர் வகைப் போக்கிமான். கொஞ்ச தூரம் போனால் ஒரு சின்னப் பறவை.

காட்பாடிக்காரன்:
அந்தப் பறவையையே எடுங்கள். 1996இன் பிட்ஜி வளர்ந்து பெரிய பறவையானது, அவ்வளவுதான். 2013இன் ஃப்ளெட்ச்லிங் வளரும்போது நெருப்பு வகையாகிறது. 2019இன் ரூக்கிடி எஃகுக் கவசத்தோடு கோர்விநைட் ஆகிறது. கேலாரில் ஆளை ஏற்றிப் பறக்கும் டாக்ஸியே அதுதான். 2022இல் டிங்கட்டன் என்ற போக்கிமான் வருகிறது. தன்னைவிடப் பெரிய சுத்தியலால் பாறையை அடித்து, வானத்தில் போகும் கோர்விநைட்டைக் குறிவைக்கிறது. ஒரு சின்னப் பறவையில் தொடங்கி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

ஆற்காடு151:
டிங்கட்டன் என் அணியிலும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஐஸ்கிரீமுக்கு அப்படி ஏதாவது சொல்லுங்கள், கேட்கிறேன்.

பாலாற்றங்கரை:
வனிலைட் ஐஸ்கிரீமே இல்லை. காலை வெயிலின் சக்தி பட்ட பனிக்கூரிலிருந்து உருவானது, பனிக்குள் புதைந்து தூங்கும். கத்திரி வெயிலில் வேலூரில் உட்கார்ந்து அந்த வரியை முதலில் படித்தேன், இன்னும் மறக்கவில்லை.

ஆற்காடு151:
இது எனக்குத் தெரியாது. சரி, வனிலைட் இருக்கட்டும். அது வளர்ந்து இரண்டு தலையோடு வனிலக்ஸ் ஆகிறதே, அதை மட்டும் ஏற்க மாட்டேன்.

காட்பாடிக்காரன்:
மேக்னட்டானுக்கு மூன்று, அண்ணா.