மறு: ஆல்பத்தின் ‘புரொடக்‌ஷன்’ – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

டெத் மெட்டல் போன்ற முரட்டு மெட்டல் இசையைப் பற்றித் தமிழில் எழுதச் சொற்பட்டியல் சேர்க்கும் நம் இழை நீண்டுகொண்டே போகிறது. ‘உறுமல்’ என்ற சொல்லில் யாருக்கும் சண்டை இல்லை என்பதில் மகிழ்ச்சி. டெத் மெட்டல் பாடகர் தொண்டைக்கு அடியிலிருந்து எடுக்கும் குரலுக்கு அதுவே போதும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமியில் அந்தச் சத்தத்தை நம்மூரில் எத்தனையோ காலமாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிக்கல் ‘புரொடக்‌ஷன்’ என்பதில்தான். ஒரு ஆல்பம் காதில் எப்படி விழுகிறது, கலங்கலா தெளிவா, தடிமனா ஒல்லியா என்று சொல்ல நமக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும்.

> தயாரிப்பு என்றே எழுதலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் தொல்லை. ‘இந்த ஆல்பத்தின் தயாரிப்பு மோசம்’ என்று எழுதினால், காசு போட்டவர் கஞ்சத்தனம் செய்துவிட்டார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். சினிமா நமக்குக் கொடுத்த பழக்கம் அது.

> ஒலிப்பதிவு அல்லது ஒலிக்கலவை?

இரண்டும் வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்குப் பெயர். நாம் தேடுவது எல்லாம் முடிந்தபின் வந்து நிற்கும் உருவத்துக்கான பெயர். ஸ்வீடனின் என்டோம்ப்ட் குழு 1990இல் வெளியிட்ட ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் தோமஸ் ஸ்கோக்ஸ்பெரி பதிவு செய்தது. மரம் அறுக்கும் மெஷின் மாதிரி வரும் அந்தக் கிட்டார் சத்தத்துக்கு மூலம் பாஸ் நிறுவனத்தின் ஹெச்எம்-2 என்ற சின்னக் கறுப்புப் பெட்டி, கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குவது. அதில் நான்கு திருகுகள். நான்கையும் கடைசி வரை திருகிவிட்டார்கள். அவ்வளவுதான். அது கலவையில் வந்ததும் இல்லை, மைக்கில் வந்ததும் இல்லை. ஒலிக்கலவை என்று பெயர் வைத்தால் அந்தப் பெட்டி கணக்கில் வராமல் போய்விடும்.

> ஒலிப்பக்குவம் நன்றாக இருக்கிறது. சமையல் வாசனையோடு.

இதுதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. நல்ல சொல். ஆனால் வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்ல ஒரு கதை.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் நாலு பேர் சேர்ந்து மூன்று பாட்டுப் பதிவு செய்தோம். எங்களுக்கு வாடகை கட்டுப்படியான ஸ்டூடியோ ஒன்றே ஒன்று. பெரும்பாலும் பக்திப் பாடல்கள் பதிவாகும் இடம். அங்கே இருந்த அண்ணன் தங்கமான மனிதர். இரண்டு நாள் கழித்துப் போனால், “தம்பி, கிட்டார்ல ஒரே இரைச்சலா இருந்துச்சு. மொத்தத்தையும் எடுத்துட்டேன், இப்ப கேளுங்க” என்றார். கேட்டோம். கிட்டார் வீணை மாதிரி இருந்தது. எங்கள் டிரம்மர் தலையைக் குனிந்துகொண்டான். “ரொம்ப க்ளீனா இருக்குண்ணே” என்று முனகினேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த அழுக்குதான் எங்களுக்கு வேண்டும் என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

பக்குவத்தில் இதே சிக்கல் இருக்கிறது. பக்குவம் என்றாலே நல்லது. ‘பக்குவமில்லாத’ என்று சொன்ன உடனே, சோறு குழைந்துவிட்டது என்கிற குரல் வந்துவிடுகிறது. ‘ஒலித்தரம்’ இன்னும் மோசம், அது மார்க் போடும் சொல். கிரைண்ட்கோர் என்ற அதிவேக, முரட்டு இசை வகையில் கலங்கலாக இருப்பதாலேயே ஒருவர் ஒரு ஆல்பத்தைக் கொண்டாடுவார். தெளிவாக இருப்பதாலேயே இன்னொன்றைத் தூக்கிப் போடுவார். நல்லது கெட்டதை முன்கூட்டியே முடிவு செய்யாத சொல்தான் நமக்கு உதவும்.

அதனால் என் பரிந்துரை: ஒலிவார்ப்பு. சுருக்கமாக வார்ப்பு. உருகியதை ஊற்றி உருவம் எடுப்பது. வார்ப்பு கரடாகவும் இருக்கலாம், வழவழப்பாகவும் இருக்கலாம், இரண்டும் வார்ப்புதான். பேசுவது மெட்டல் பற்றி என்பது கூடுதல் லாபம்.

சரி, சொல்லை ஓட்டிப் பார்ப்போம். நேபாம் டெத் குழுவின் ‘ஸ்கம்’, 1987. ஒரே தட்டில் இரண்டு வார்ப்பு. முதல் பக்கத்தின் 12 பாட்டு 1986 ஆகஸ்டில் பதிவானது, இரண்டாம் பக்கத்தின் 16 பாட்டு 1987 மே மாதத்தில். நடுவில் குழுவே மாறிவிட்டது. இரண்டு பக்கத்திலும் இருப்பவர் டிரம்மர் மிக் ஹாரிஸ் மட்டும். முதல் பக்கம் கரட்டு வார்ப்பு, கிட்டாரின் விளிம்பு கையில் குத்தும். தட்டைத் திருப்பினால் கலங்கல் வார்ப்பு, வேகமும் கூடிவிட்டதால் எது கிட்டார் எது பேஸ் என்று பிரிக்க முடியாது. இப்படி எழுதும்போது எது மேல் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? (எனக்கு முதல் பக்கம்தான். கின்னஸில் ஏறிய 1.316 நொடிப் பாட்டும் அதன் கடைசியில்தான் இருக்கிறது. அதில் வார்ப்பைப் பற்றிப் பேச நேரமில்லை.)

அடுத்து கார்கஸ் குழு. 1988இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் வார்ப்பு அவர்களுக்கே பிடிக்கவில்லை. டிரம்ஸ் சேற்றில் புதைந்து கிடக்கும். ஆனால் பிபிசி வானொலியின் ஜான் பீல் அந்த வருடத்தில் தனக்கு மிகப் பிடித்த ஆல்பம் அதுதான் என்றார். மறுவருடம் காலின் ரிச்சர்ட்சனோடு செய்த இரண்டாவது ஆல்பம் எவ்வளவோ தெளிவு. முதலாவதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நானும் ஒருவன். அந்தப் பாட்டுகளின் விஷயமே அழுகிய உடல்கள்; அதைக் கண்ணாடி போலத் துடைத்து வைத்தால் யாருக்கு வேண்டும்?

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் ஃபுளோரிடாவின் தாம்பா. மோரிசவுண்ட் ஸ்டூடியோவில் பதிவான மார்பிட் ஏஞ்சல் குழுவின் ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’, 1989. வறண்ட, தெளிந்த வார்ப்பு. அந்தத் தெளிவுக்குத் தேவையும் இருந்தது. நிமிடத்துக்கு 200 துடிப்பு, ஒரு துடிப்புக்கு நான்கு முறை காலால் பேஸ் டிரம்மை அடிக்கிறார்கள் என்று வையுங்கள்: நொடிக்கு 13 அடிக்கும் மேல், ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே 75 மில்லி நொடி. பெரிய டிரம்மின் ‘தும்’ அதற்குள் அடங்காது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி வெறும் முனகலாகிவிடும். அதனால்தான் தும்மைக் குறைத்து, கட்டை தோலில் படும் ‘டிக்’கைத் தூக்கிவிடுகிறார்கள். பிற்காலத்தில் அதையே எல்லோரும் செய்து, டிரம்ஸ் டைப்ரைட்டர் போல ஆகிவிட்டது வேறு கதை. அதற்கு ‘அச்சு வார்ப்பு’ என்று ஒரு வசவுச் சொல்லையும் இலவசமாகத் தருகிறேன்.

மறுப்புகள் வரட்டும்.

———

தம்பி,

நான் இந்த இசையைக் கேட்பவன் இல்லை, பேரன் போட்டால் அறையை மாற்றிக்கொள்வேன். சொல்லைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை.

‘வார்ப்புரு’ ஏற்கனவே விக்கிப்பீடியாவில் வேறு பொருளில் புழங்குகிறது. குழப்பம் பெரிதாக வராது, ஆனாலும் குறித்து வையுங்கள். அடுத்தது, வார்ப்போடு வேலை முடிவதில்லை. சுவாமிமலையில் மெழுகில் உரு செய்து, மேலே வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்து எடுத்த சிலை அப்படியே கோயிலுக்குப் போகாது. அரத்தால் ராவி, உளியால் செதுக்கி, மெருகு போட வேண்டும். உங்கள் பாட்டுத் தொழிலிலும் கலவைக்கு அப்புறம் கடைசியாக ஒரு வேலை உண்டு, ‘மாஸ்டரிங்’ என்று பேரன் சொல்கிறான். அதற்கு மெருகு என்று வையுங்கள். பழையதை மறுபடி செய்தால் மறுமெருகு. ஒன்று: மெருகு அதிகமானால் சிலையின் மூக்கு முழி தேய்ந்துபோகும். பாட்டில் அப்படி ஆகுமா என்று தெரியவில்லை.

———

ஐயா,

அப்படியேதான் ஆகும்! சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்று மேடு பள்ளத்தையெல்லாம் அமுக்கி, டிரம்ஸின் முனையை மழுக்கிவிடுவார்கள். ‘ஸ்கம்’மை வெளியிட்ட இயரேக் நிறுவனமே பிற்பாடு சில பழைய ஆல்பங்களை, அமுக்காத முழு ஏற்ற இறக்கத்தோடு என்று சொல்லி மறுபடி வெளியிட்டது. ‘மூக்குத் தேய்ந்த மறுமெருகு’ என்று இனி தாராளமாக எழுதுவேன். உங்கள் பேரனுக்கு என் வணக்கம்.

ஒலிவார்ப்பு, மெருகு, மறுமெருகு மூன்றையும் பட்டியலில் சேர்க்கிறேன். ஞாயிறு வரை மறுப்பு இருந்தால் எழுதுங்கள். டிரம்ஸை இடைவிடாமல் அதிவேகமாக அடிக்கும் ‘பிளாஸ்ட் பீட்’டுக்கு ‘அடைமழை அடி’ என்று இன்னொரு மடலில் பார்த்தேன். அடைமழை நிதானமாக நாள் கணக்கில் பெய்வது, இது அந்த வகை இல்லை. ஆலங்கட்டி என்றால் யோசிக்கலாம். தனி இழையாகத் தொடங்குங்கள்.