ராபன் தீவுச் சிறை: எந்த நாள், எந்தப் படகு, உள்ளே எதைக் கவனிப்பது?

தெற்குமுனை கேட்டது:

வணக்கம். டிசம்பர் மூன்றாம் வாரம் கேப்டவுனில் ஐந்து நாள் இருப்போம். ராபன் தீவுக்குப் போவதைக் கடைசி நாளுக்கு வைத்திருக்கிறேன்: காலை 11 மணிப் படகு, அன்று இரவு விமானம். கூட வருபவர்கள் அம்மா (68 வயது, முழங்கால் வலி, பேருந்தில் போனாலே தலைசுற்றும்), மகன் (10 வயது).

கடைசி நாளில் வைப்பது சரியா? துறைமுகத்தில் வேறு படகுக்காரர்களும் ராபன் தீவு என்று சொல்லி டிக்கெட் விற்கிறார்களாமே, அதை வாங்கலாமா? மண்டேலா இருந்த கொட்டடி முன்னால் நின்று நிதானமாகப் பார்க்க விடுவார்களா? அம்மாவால் நடக்க முடியுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடற்காகம் பதில்:

முதல் வேலையாக நாளை மாற்றுங்கள். ராபன் தீவை முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ வையுங்கள், கடைசி நாளில் வேண்டவே வேண்டாம்.

காரணம் காற்று. கேப்டவுனில் கோடைக்காலம் என்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது தென்கிழக்கிலிருந்து பலமான காற்று வீசும். ஒருமுறை பிடித்தால் இரண்டு மூன்று நாள்கூட விடாது. ஊருக்குள் வெயில் பளிச்சென்று அடிக்கும், வானம் நீலமாக இருக்கும், ஆனால் படகு ரத்து. அதே காற்றில் டேபிள் மவுண்டன் கம்பிவட வண்டியையும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து கடைசி இரண்டு நாளில் வைப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே இழக்கிறார்கள். மலை உச்சியில் மேஜை விரிப்புப் போல வெள்ளை மேகம் படர்ந்து விளிம்பில் வழிந்தால் தென்கிழக்குக் காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குப் படகு புறப்படுகிறதா என்று விசாரித்த பிறகு விடுதியை விட்டுக் கிளம்புங்கள்.

படகை அவர்களே ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தருவார்கள், அல்லது வேறு நாள் தருவார்கள். டிசம்பரில் வேறு நாள் என்பது பெரும்பாலும் பேச்சளவில்தான், ஏனென்றால் அடுத்த நாட்களின் இருக்கைகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். முதல் நாளிலேயே வைத்திருந்தால், ரத்தானாலும் மீதி நான்கு நாளில் எங்காவது இடம் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். டிசம்பர், ஜனவரி இரண்டுக்கும் சில வாரம் முன்பே இணையத்தில் டிக்கெட் எடுத்துவிட வேண்டும். அங்கே போய் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

நேரத்தில் காலை 9 மணியைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் பிற்பகலில் காற்று ஏறும், கடலும் கூடவே புரளும். 9, 11, 1 என்று படகுகள் போகும், பருவத்தைப் பொறுத்து 3 மணிக்கும் ஒன்று சேர்ப்பதுண்டு. காலைப் படகு ரத்தாகும் வாய்ப்பு குறைவு.

மற்ற படகுகளைப் பற்றி: தீவில் இறங்க வேண்டுமானால் ராபன் தீவு அருங்காட்சியகத்தின் டிக்கெட் வேண்டும். மற்றவர்கள் விற்பது தீவைத் தூரத்திலிருந்து காட்டித் திருப்பும் கடல் உலா. வாங்குமுன் “தீவில் இறக்குவீர்களா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சரியான படகு நெல்சன் மண்டேலா கேட்வே என்ற கட்டடத்திலிருந்து புறப்படும். வி அண்ட் ஏ வாட்டர்ஃபிரண்ட் என்ற துறைமுகப் பகுதியில், சிவப்பு மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரை மணி முன்னதாகவாவது போய்விடுங்கள். விமான நிலையத்தைப் போலப் பை சோதனை உண்டு. அந்தக் கட்டடத்திலேயே சிறை வரலாற்றுக் காட்சிகள் இருக்கின்றன, காத்திருக்கும் நேரம் வீணாகாது.

போக, வர, சுற்ற எல்லாம் சேர்த்து மூன்றரை முதல் நான்கு மணி நேரம். கடல் தூரம் சுமார் 11 கிலோமீட்டர்தான் என்றாலும், எந்தப் படகு, கடல் எப்படி என்பதைப் பொறுத்து ஒரு பக்கத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி வரை ஆகும். அன்றைக்குப் பிற்பகல் 2 மணிக்கு முன் வேறெதற்கும் முன்பதிவு செய்யாதீர்கள்.

தீவில் வழிகாட்டிகள் எல்லோரும் அங்கேயே சிறையிருந்தவர்கள். அதற்காகவே போகலாம்.

---

உப்புக்காற்று பதில்:

மேலே சொன்னதில் ஒரு சிறு திருத்தம். வழிகாட்டிகள் எல்லோரும் முன்னாள் கைதிகள் இல்லை. சுற்றுலாவுக்கு இரண்டு பகுதி. தீவைச் சுற்றிப் பேருந்தில் போகும்போது பேசுபவர் வேறு வழிகாட்டி. உயர்பாதுகாப்புச் சிறைக்குள் அழைத்துப் போகிறவர்தான் அங்கே அடைபட்டிருந்த முன்னாள் அரசியல் கைதி. கடைசி அரசியல் கைதிகள் வெளியேறியது 1991-இல், ஆகவே அவர்களில் இளையவர்களுக்கே வயதாகிவிட்டது. இந்த ஏற்பாடு இன்னும் எத்தனை ஆண்டு நீடிக்குமோ, போக நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

அம்மாவின் தலைசுற்றலுக்கு: அட்லாண்டிக் கடல் அங்கே நீண்ட அலையாக உருளும், படகு முன்னும் பின்னும் ஏறி இறங்கும். மேல்தளத்துக்கோ முன்பக்கத்துக்கோ போகாமல் கீழ்த்தளத்தில் நடுவிலோ பின்பக்கமோ உட்கார வையுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. கண் தொடுவானத்தில் இருக்கட்டும், கைபேசியைப் பார்க்க வேண்டாம். அவோமின் போன்ற மாத்திரை என்றால் படகு ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்பதையும் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, முட்ட உண்பதும் ஆகாது. இரண்டு ரொட்டித் துண்டு போதும், கையில் இஞ்சி மரப்பா இருக்கட்டும்.

முழங்காலுக்கு: தீவின் பெரும்பகுதியைப் பேருந்திலேயே பார்த்துவிடலாம். நடப்பது படகுத்துறையை ஒட்டியும் சிறைக்குள்ளும்தான். சிறை தரைமட்டத்தில் இருக்கிறது, மாடி ஏறும் வேலை இல்லை. சிரமம் இரண்டு இடத்தில் வரும். ஒன்று பேருந்துப் படி, உயரமாக இருக்கும். இன்னொன்று நிற்பது: வழிகாட்டி முற்றத்திலும் நடைகளிலும் பேசும்போது நின்றே கேட்க வேண்டிவரும். கூட்டறையில், அதாவது பல கைதிகளைச் சேர்த்து அடைத்த அறையில், பெஞ்சு இருக்கும், உள்ளே நுழைந்ததும் அம்மாவுக்கு இடம் பிடித்துவிடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்பதிவின்போதே எழுதிச் சொல்லுங்கள்.

தீவில் நிழல் குறைவு. தொப்பி வேண்டும், ஆனால் நாடா உள்ள தொப்பி. தண்ணீர், ஒரு மேல்சட்டை. கரையில் வியர்த்தாலும் படகில் குளிரும்.

---

கல்லுடைப்பு பதில்:

பயண ஏற்பாட்டை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஒரு கொட்டடியைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

மண்டேலாவின் கொட்டடி ‘பி’ பிரிவில், ஒற்றைக் கொட்டடிகள் உள்ள நடையில் இருக்கிறது. சுமார் 8 அடிக்கு 7 அடி. உள்ளே விடமாட்டார்கள், கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். பின்னால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள். படம் எடுத்தால் ஒன்று போதும், மீதி நேரம் கண்ணால் பாருங்கள். தரையில் பாய், கம்பளி, ஒரு வாளி. 27 ஆண்டுச் சிறைவாழ்வில் 18 ஆண்டு, 1964 முதல் 1982 வரை, இந்தத் தீவில் கழிந்தது. அவருடைய எண் 466/64. அதாவது 1964-ஆம் ஆண்டு அங்கே வந்த 466-ஆம் கைதி. இந்த எண் முறையைப் பையனுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் மற்ற எண்களை அவனே படித்துப் புரிந்துகொள்வான்.

அந்த நடைக்கு வெளியே உள்ள முற்றத்தில் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். ஆரம்பத்தில் அங்கே உட்கார்ந்து கல் உடைத்தார்கள். பின்னாளில் மண்டேலா அங்கே தோட்டம் போட்டார். 1975-இல் இரவில் ரகசியமாக எழுதிய தன்வரலாற்றை அந்த முற்றத்து மண்ணில்தான் புதைத்துவைத்தார்கள். மதில் கட்டத் தோண்டியபோது ஒரு பகுதி அகப்பட்டது. அதற்குத் தண்டனையாக மண்டேலா, உடனிருந்த கைதிகள் வால்டர் சிசுலு, அகமது கத்ராடா மூவருக்கும் படிக்கும் உரிமை நான்கு ஆண்டு பறிக்கப்பட்டது. ஆனால் அதற்குள், 1976-இல் விடுதலையான சக கைதி மாக் மகராஜ் பொடி எழுத்தில் எடுத்த படியை வெளியே கொண்டுபோய்விட்டார்.

கூட்டறையில் உணவுப் பட்டியல் ஒன்று பெரிதாக மாட்டியிருக்கும். அதை முழுக்கப் படியுங்கள். ‘கலப்பினத்தார், ஆசியர்’ என்று ஒரு பத்தி, ‘பாண்டு’, அதாவது கறுப்பினத்தார், என்று இன்னொரு பத்தி. முதல் பத்திக்கு ரொட்டியும் ஜாமும் உண்டு, இரண்டாவதற்கு இரண்டும் இல்லை. இறைச்சியிலும் சர்க்கரையிலும்கூட அவுன்ஸ் கணக்கில் வித்தியாசம். உடையிலும் அப்படியே. இந்திய வம்சாவளிக் கைதிகளுக்கு முழுக்கால்சட்டை, கறுப்பினத்தவருக்கு அரைக்கால்சட்டை. ஒரே வழக்கில் ஒரே தண்டனை பெற்று ஒரே வேலை செய்தவர்கள் இவர்கள். நிறவெறி ஆட்சி என்னவென்று பத்து வயதுப் பையனுக்கு விளக்க அந்தப் பட்டியலை விடச் சிறந்த பாடம் தீவில் வேறு கிடையாது.

அந்த ‘ஆசியர்’ பத்தியில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. காந்தியின் டிரான்ஸ்வால் சத்தியாக்கிரகத்தில் உடன் நின்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு 1963 முதல் பத்து ஆண்டு அங்கே இருந்தார், எண் 885/63. டர்பன் தொழிற்சங்கத் தலைவர் பில்லி நாயர் 20 ஆண்டு இருந்தார்.

வழிகாட்டியிடம் எல்லோரும் கேட்பது மண்டேலாவைப் பற்றி. அந்த வழிகாட்டி கூட்டறையில் இருந்தவராக இருந்தால் மண்டேலாவைப் பார்க்காமலேகூட இருந்திருக்கலாம், கூட்டறைக் கைதிகளையும் ஒற்றைக் கொட்டடிக் கைதிகளையும் பிரித்தே வைத்திருந்தார்கள். அவரிடம் அவருடைய கதையைக் கேளுங்கள்: எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, கடிதம் எப்படி வந்தது, மனு பார்க்க (சிறையில் நேரில் சந்திக்க) வீட்டிலிருந்து யார் வந்தார்கள். 60-களில் கடைசி வகுப்புக் கைதிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு மனு, அதுவும் அரை மணி. தணிக்கை அதிகாரி பிடிக்காத வரிகளைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டை விழுந்த தாளைக் கொடுப்பார். இதையெல்லாம் பட்டவர் வாயால் கேட்பதற்குத்தான் சிறைக்குள் கிடைக்கும் அந்த முக்கால் மணி நேரம். ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், அம்மாவுக்கு நீங்கள் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள். அவரைப் படமெடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பேருந்தில் போகும்போது இரண்டு இடம். ஒன்று சுண்ணாம்புக் குவாரி. ஆறு மாதம் என்று சொல்லி 1965-இல் இறக்கி, 13 ஆண்டு வேலை வாங்கினார்கள். வெள்ளைக் கல்லில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுத்தது, கறுப்புக் கண்ணாடி தர முதலில் மறுத்தார்கள். பிற்காலத்தில் மண்டேலாவைப் பளிச்சென்ற விளக்கோடு படமெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது இதனால்தான். குவாரியில் ஒரு சிறு குகை தெரியும். கழிப்பிடமாகவும் பள்ளிக்கூடமாகவும் அது இருந்தது, வார்டன்கள் உள்ளே வராத இடம் அது ஒன்றே. வாசலருகே உள்ள கற்குவியல், 1995-இல் முன்னாள் கைதிகள் திரும்பி வந்து ஆளுக்கொரு கல்லாக வைத்தது. பேருந்து அங்கே கொஞ்சம்தான் நிற்கும், சன்னலோர இருக்கை பிடியுங்கள்.

இன்னொன்று, நிறவெறி ஆட்சியை எதிர்த்த இன்னொரு தலைவரான ராபர்ட் சொபுக்வேயின் வீடு. மூன்றாண்டுத் தண்டனை முடிந்த பிறகும், அவருக்கென்றே ஒரு சட்டப் பிரிவு கொண்டுவந்து 1963 முதல் 1969 வரை தனியாக அடைத்தார்கள். யாரோடும் பேசக் கூடாது. தூரத்தில் கைதிகள் வரிசையாகப் போகும்போது, ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்வழியே உதிர்த்துக் காட்டுவாராம். பார்வைக்குச் சிறை போலவே தோன்றாத சாதாரண வீடு அது. வழிகாட்டி சொல்லாவிட்டால் கடந்து போய்விடுவீர்கள்.

---

தெற்குமுனை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டாம் நாள் காலை 9 மணிக்கு மாற்றிவிட்டேன். அன்று ரத்தாகி, வேறு நாளும் கிடைக்காமல் போனால் என்ன செய்வது? பென்குயின் பார்க்க முடியுமா என்று மகன் கேட்கிறான்.

---

கடற்காகம் பதில்:

ரத்தானால் அங்கேயே பக்கத்தில் ஜெட்டி 1 என்ற பழைய படகுத்துறை இருக்கிறது. கைதிகளை ஏற்றியதும், மனு பார்க்க வந்த குடும்பங்கள் காத்திருந்ததும் அங்கேதான். சிறிய இடம், அரை மணியில் பார்த்துவிடலாம். பிறகு ஊருக்குள் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஒரு பகுதி மக்களையே நிறத்தின் பெயரால் வீட்டைவிட்டு வெளியேற்றிய கதை அங்கே இருக்கிறது, காற்று அடித்தாலும் திறந்திருக்கும்.

பென்குயின் தீவில் உண்டு. அழிந்துபோயிருந்தவை 1983-இல் தாமாகவே திரும்பி வந்து கூடு கட்டின. ஆனால் பேருந்து அவற்றுக்காக நிற்காது, புதருக்குள் இருந்தால் கண்ணிலும் படாது. பையன் ஏமாறாமல் இருக்க, பென்குயினுக்கென்று சைமன்ஸ் டவுன் அருகே போல்டர்ஸ் கடற்கரைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கேப் முனைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. தீவுக்குப் போகும் வழியில் துறைமுகத்தில் சீல்கள் படுத்திருக்கும், அவற்றைக் காட்டுங்கள். ராபன் என்ற டச்சுச் சொல்லுக்கு அர்த்தமே சீல்கள்தான்.